யாரும் எடுக்காத மீன் புத்தகம்

பள்ளிக்கூடத்தில் நூலகரை ஓர் ஆள் என்று யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். புதிதாக நூலகராகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு முதல் வருஷம் இது வலிக்கும். இரண்டாம் வருஷம், இதைவிட சௌகரியம் வேறில்லை என்று புரியும். கணக்கு வாத்தியார் லீவு போட்டால் எட்டாம் வகுப்பை மொத்தமாக உங்கள் அறைக்கு ஓட்டிவிடுவார்கள். விளையாட்டு விழாக் கொடிகள், உடைந்த உலக உருண்டை, ஆண்டுவிழாவுக்குச் செய்த தெர்மோகோல் கோபுரம் எல்லாம் உங்கள் அலமாரிக்குப் பின்னால்தான் அடைக்கலம் புகும். ஸ்டாஃப் ரூமில் சண்டை என்றால் தோற்ற கட்சி டிபன் பாக்ஸோடு உங்களிடம் வந்து உட்காரும். இத்தனைக்கும் நடுவில் கொஞ்சம் புத்தகங்களும் இருக்கும்.

மயிலாப்பூர்ப் பள்ளி ஒன்றில் இருபத்தாறு வருஷம் இந்த வேலை பார்த்துவிட்டு, சில மாதங்களுக்கு முன்புதான் சாவிக்கொத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன். எண் ஒட்டுவது, பதிவேடு எழுதுவது, அடுக்குவது இதெல்லாம் நீங்கள் படித்துவிட்டு வந்திருப்பீர்கள். எங்கே சறுக்குவீர்கள் என்று மட்டும் நான் சொல்ல முடியும். எல்லா இடத்திலும் சறுக்கியிருக்கிறேன்.

சேர்ந்த முதல் மாதம் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் வந்தான். அலமாரிகளை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "மிஸ், இது எல்லாத்தியும் நீங்க படிச்சிட்டீங்களா?" என்றான். "ஆமாம்" என்றேன். கௌரவப் பிரச்சினை. அவன் ஒரு துப்பறியும் கதையை உருவி, "இதுல யாரு மிஸ் கொலகாரன்?" என்று கேட்டான். சமையல்காரன் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தேன். நாலாம் நாள் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது என் பக்கத்தில் குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காதபடி, "மிஸ், இந்தக் கதைல சமையல்காரனே இல்ல" என்றான். அந்த வயதில் அவனுக்கு இருந்த இங்கிதம் எனக்கு இல்லை. அன்றிலிருந்து படிக்காததைப் படிக்கவில்லை என்றே சொல்லி வருகிறேன். அதோடு, படிக்கவும் ஆரம்பித்தேன்.

என்ன படித்தேன் என்று கேட்காதீர்கள். மதிய இடைவேளை நாற்பது நிமிஷம். சாப்பாட்டுக்குப் பத்து போனால் மிச்சம் முப்பதும் எனக்கே. நூலகர் கனமான புத்தகமாகப் படிக்க வேண்டும் என்பது எங்கள் தலைமையாசிரியரின் எதிர்பார்ப்பு. எனக்குப் பிடித்ததோ ஆவியும் பழிவாங்கலும் நிறைந்த மாத நாவல். அதற்கு பிரவுன் பேப்பர் அட்டை போட்டு, மேலே 'நூலக நிர்வாகம்' என்று எழுதிக்கொண்டேன். வருஷக்கணக்கில் நான் நூலக நிர்வாகத்தைக் கரைத்துக் குடிப்பதாகப் பள்ளி முழுக்கப் பேர்.

எனக்கும் ஒரு குரு உண்டு. எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர். பொறுப்பை ஒப்படைத்த அன்று சாவிக்கொத்தை என் கையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "புஸ்தகம் தொலைஞ்சா நீதான் பதில் சொல்லணும். பூட்டி வெச்சா எதுவும் தொலையாது. பெரிய புஸ்தகமா எது வந்தாலும் செவப்பு லேபிளை ஒட்டிடு. ஆத்துக்கு எடுத்துண்டு போக முடியாது. நீ நிம்மதியா இருக்கலாம், தெரிஞ்சுண்டயா?"

சிவப்பு லேபிள் ஒட்டினால் அங்கேயே உட்கார்ந்து படிக்கலாம், வெளியே தரமாட்டோம் என்று அர்த்தம். எனக்குக் கிடைத்த மொத்தப் பயிற்சியும் அவ்வளவுதான். மனிதர் தம் காலத்தில் ஒரு புத்தகத்தைக்கூடத் தொலைத்ததில்லை. ஒரு வாசகரையும் சம்பாதித்ததில்லை என்பதை நான் ரொம்பப் பின்னால்தான் கண்டுபிடித்தேன். அதுவரை சிவப்பு லேபிளைக் கல்யாண வீட்டில் சந்தனம் பூசுவது போல எல்லாவற்றுக்கும் பூசிக்கொண்டிருந்தேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். சில வருஷங்களுக்கு முன், ஒரு புதன்கிழமை, தலைமையாசிரியர் கூப்பிட்டு அனுப்பினார். நூலக அறையில் பாதியைத் தடுத்து ஸ்மார்ட் வகுப்பு வைக்கப் போகிறார்களாம். பெரிய திரையும் மேசைகளும் திங்கட்கிழமை வந்து இறங்குமாம். பாதி அலமாரிகளைக் காலி செய்ய எனக்கு இரண்டு நாள்.

இந்த மாதிரி நேரத்தில் நமக்கெல்லாம் ஒரு குறுக்கு வழி தெரியும். ஒவ்வொரு புத்தகத்தின் பின்னட்டைக்குள்ளும் ஒரு சீட்டு ஒட்டியிருப்போம். யாராவது வீட்டுக்கு எடுத்துப் போகும்போதெல்லாம், திரும்பத் தரவேண்டிய தேதியை அதில் சீல் குத்துவோம். சீட்டு நிறைந்திருந்தால் ஓடுகிற புத்தகம். சீட்டு காலியாக இருந்தால் யாருக்கும் வேண்டாத புத்தகம். பிள்ளைகளை உள்ளே விடாமல் கதவைச் சாத்திக்கொண்டு, நானும் அட்டெண்டர் முருகேசனும் பின்னட்டையை மட்டும் திறந்து பார்த்தோம். சீல் இருந்தால் இந்தப் பக்கம், இல்லாவிட்டால் அந்தப் பக்கம். இரண்டு மத்தியானத்தில் வேலை முடிந்துவிட்டது. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். சனிக்கிழமை பழைய பேப்பர் கடை அண்ணாச்சி மூன்று சக்கர மீன்பாடி வண்டியை அனுப்பி எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போனார். பதிவேட்டில் அத்தனை எண்ணையும் சிவப்பு மையால் அடித்தேன்.

திங்கட்கிழமை மதியம் மோனிஷா வந்தாள். ஒன்பதாம் வகுப்பு. வீடு கடற்கரையோர நொச்சிக்குப்பத்தில். அம்மா லூப் ரோட்டில் மீன் விற்கிறவர். ஆறாம் வகுப்பிலிருந்தே தினமும் மதியம் வருவாள், மூலை ஃபேனுக்குக் கீழே உட்காருவாள், மணி அடித்ததும் போவாள். காற்றுக்காக வருகிறாள் என்று நினைத்திருந்தேன். என் கண் 'நூலக நிர்வாக'த்தில் இருந்ததால் அவள் கையில் என்ன இருந்தது என்று ஒரு நாளும் பார்த்ததில்லை.

அலமாரி நின்ற இடத்தில் புதிதாக ஒரு பலகைச் சுவர் முளைத்திருந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மிஸ், மீன் புக்கு இன்னாச்சு?"

"எந்த மீன் புக்கு?"

"பெருசா கீமே மிஸ். கலர் படம் போட்டு. கடல் மீன் எல்லாம் வருமே."

எனக்கு ஞாபகம் வந்தது. எவரோ அன்பளிப்பாகக் கொடுத்த ஆங்கிலத் தடிப்புத்தகம். "அதையா? அதைத்தான் யாருமே எடுக்கலையேம்மா. சீட்டுல ஒரு சீல்கூட இல்ல. கழிச்சாச்சு."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "எடுக்க உடலியே மிஸ் நீங்க. செவப்பு லேபிள் நீங்கதான ஒட்டினீங்க."

யோசித்துப் பாருங்கள். வெளியே தரக்கூடாது என்று லேபிள் ஒட்டியவளும் நானே. வெளியே போகவில்லை என்று தூக்கிப் போட்டவளும் நானே. இப்படி ஒரு முட்டாள்தனத்தைச் செய்ய முறைப்படி நூலகப் படிப்பு படித்திருக்க வேண்டும்.

"அதுல நான் எழுதி வெச்சிருந்தேன் மிஸ்" என்றாள்.

இந்த இடத்தில் நான் என்ன கேட்டேன் என்பதை வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். அந்தப் பெண்ணின் உதடு நடுங்கிக்கொண்டிருந்தது. நான், "லைப்ரரி புக்குல எழுதினியா? யாரைக் கேட்டு அப்படிக் கிறுக்கின?" என்றேன். பழக்கதோஷம்.

"பென்சில்லதான் மிஸ். தப்பா போட்டிருந்தா இன்னா பண்றது?"

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். காலையில் பள்ளிக்கு வருமுன் கரைக்குப் போய், அம்மா ஏலத்தில் எடுக்கும் கூடையில் என்னென்ன மீன் இருக்கிறது என்று பார்ப்பாளாம். மதியம் வந்து புத்தகத்தில் அதன் படத்தைத் தேடிப் பிடித்து, பக்கத்தில் குப்பத்துப் பெயர், தேதி, எத்தனை, எவ்வளவு நீளம் என்று எழுதுவாளாம். ஆங்கிலத்துக்குப் பக்கத்து அலமாரி அகராதி. இப்படி மூன்று வருஷம். வேறு நோட்டில் எழுதவில்லை. படத்துக்குப் பக்கத்தில் இருந்தால்தானே புரியும் என்றாள். அது நியாயம்தான்.

"திருப்பி எழுதலாமே" என்றேன் அசட்டுத்தனமாக.

"லீவுல நாங்க பெரும்பாக்கம் போறோம் மிஸ், வீடு மாறி. அங்கேந்து ஸ்கூலுக்கு வர்றதே கஸ்டம். காலீல கரைக்கு எப்டி போறது?"

உடனே முருகேசனை விட்டு அண்ணாச்சிக்கு போன் போட்டேன். "லோடு காலைலயே மில்லுக்குப் போயிட்டுல்லா" என்றார் அண்ணாச்சி. மில்லுக்குப் போனால் காகிதக் கூழ்தான். மோனிஷாவிடம், புதிதாக ஒரு பிரதி வாங்கித் தருகிறேன் என்றேன்.

"புதுசுல நான் எழுதினது இருக்குமா மிஸ்?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள். எனக்கு அன்று 'நூலக நிர்வாகம்' இறங்கவில்லை. மூன்று வருஷமாக எனக்கு இரண்டு பெஞ்சு தள்ளி ஓர் ஆராய்ச்சி நடந்திருக்கிறது. நான் ஆவிக்கதை படித்துக்கொண்டு, ஆராய்ச்சியாளர் ஃபேன் காற்று வாங்குவதாக நினைத்திருக்கிறேன். அழுகை வந்தது. அழுதேன். முருகேசன் சங்கடப்பட்டு ஜன்னலைத் துடைக்க ஆரம்பித்தார்.

மறுநாள் காலை பதினொரு மணிக்கு நூலக வாசலில் ஓர் அம்மாள் வந்து நின்றார். இடுப்பில் சொருகிய புடவை, கையில் ஒயர் கூடை. பின்னால் வாட்ச்மேன், தடுக்கவும் முடியாமல் விடவும் முடியாமல்.

"நீதான் புக்கு மேடமா?"

"ஆமாம்மா."

"நான் மோனிஷா அம்மா, கஸ்தூரி. எம் பொண்ணு நேத்திலேந்து சோறு துன்னாம கீது. கேட்டா புக்கு பூட்சி, புக்கு பூட்சின்னு சொல்லிகினே கீது. இன்னாம்மா அது, அப்டியாப்பட்ட புக்கு?"

நடந்ததைச் சொன்னேன். என் மேல் தப்பு என்றும் சொன்னேன். மில்லுக்குப் போய்விட்டது என்றதும் அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இரு. பேப்பரு எப்டி கீது? நூஸ் பேப்பர் மாதிரியா, கல்யாணப் பத்திரிக மாதிரி வழவழன்னா?"

"வழவழன்னு. கலர் படம் போட்டது."

"அப்ப எங்கியும் போயிருக்காது."

"அண்ணாச்சியே சொன்னாரே, லோடு போயிடுச்சுன்னு."

"அது சாதா பேப்பர் லோடும்மா. அந்த வழவழ பேப்பரு தண்ணி இழுக்காது. மீன் கட்ட ஆவாது, பஜ்ஜி வெக்க ஆவாது. எவனும் வாங்க மாட்டான். அண்ணாச்சி அத்த தனியா கட்டி மூலைல போட்டுட்டு, எப்பவாச்சும் ஒருக்காதான் அனுப்புவாரு. நான் இருவது வருசமா அவராண்ட பேப்பர் வாங்கறவ. எனக்குத் தெரியாதா? எந்திரி, போலாம்."

எழுந்தேன். தலைமையாசிரியரிடம் அனுமதி கேட்கவில்லை. அடுத்த பீரியட் ஏழாம் வகுப்பை முருகேசன் தலையில் கட்டினேன். அவர் அவர்களுக்குத் தன் ஊரில் பேய் பிடித்த கதையைச் சொன்னாராம். அந்த வருஷத்தின் சிறந்த நூலக வகுப்பு அதுதான் என்று பிள்ளைகள் வெகுநாள் பேசிக்கொண்டார்கள்.

ஆட்டோவில் போகும்போது, எதற்கும் லாயக்கில்லாத காகிதம் என்பதால் ஒரு புத்தகம் பிழைத்திருக்கக் கூடுமா என்று யோசித்தேன். மில்லுக்குப் போகாத பேப்பரைக் கண்டுபிடிக்க மீன் விற்கத் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் பாடத்திட்டத்தில் அது கிடையாது.

கடையில் கஸ்தூரி அண்ணாச்சியைக் கேட்கவேயில்லை. நேராக மூலைக்குப் போய் ஒரு கட்டின் சணலை அவிழ்த்தார். கல்யாணப் பத்திரிகை, காலண்டர், நகைக்கடை விளம்பரம், அதற்கடியில் மீன்.

அட்டை இல்லை. முன்னட்டை, பின்னட்டை இரண்டையும் கிழித்து எடுத்திருந்தார்கள். "அட்டையோட குடுத்தா மில்லுல எடுக்க மாட்டாவ மேடம்" என்றார் அண்ணாச்சி, என்னமோ நான் கோபித்துக்கொள்வேன் என்பதுபோல. பின்னட்டையோடு காலிச் சீட்டும் போயிருந்தது. முன்னட்டையோடு என் சிவப்பு லேபிளும் போயிருந்தது. எனக்கு அதில் வருத்தமே இல்லை.

அங்கேயே ஒரு சாக்கு மூட்டையின் மேல் உட்கார்ந்து பிரித்துப் பார்த்தேன். ஓரம் முழுக்கப் பொடிப்பொடியாகப் பென்சில் எழுத்து. ஒரு படத்துக்குக் கீழே 'இதான் நம்ம காரப்பொடி' என்று இருந்தது. இன்னொன்றின் பக்கத்தில், இந்தக் கரையில் இது அரிது என்ற அச்சு வரியை அடித்துவிட்டு, அது கூடையில் வந்த தேதிகளை வரிசையாக எழுதியிருந்தாள். பதினேழு தேதி. புரட்டிக்கொண்டே போனேன். ஒரு திருக்கை படத்துக்கு மேலே ஒரு வரி: 'பெல் அடிச்சும் மிஸ் கண்டுக்கல. ப்ரவுன் அட்டைக்குள்ள பேய் புக். அதனால இன்னிக்கு ரெண்டு மீன் எக்ஸ்ட்ரா.'

ஆக, அவள் என்னையும் ஆராய்ச்சி செய்திருக்கிறாள். நான் சிரித்த சிரிப்பில் அண்ணாச்சி பயந்துவிட்டார்.

"வேஸ்ட்டுதானே, சும்மா கொண்டு போங்க" என்றார் அவர். கஸ்தூரி சம்மதிக்கவில்லை. ஒயர் கூடையிலிருந்து இரண்டு சங்கரா மீனை எடுத்து அண்ணாச்சியின் தராசுத் தட்டில் வைத்தார். "ஓசில வாங்கினா பொண்ணுக்குப் படிப்பு ஏறாது" என்றார்.

மதியம் முருகேசன் கோணி ஊசியால் புத்தகத்தைத் தைத்து, தெர்மோகோல் கோபுரத்துக்கு முட்டுக் கொடுத்த அட்டையை வெட்டி மேலே ஒட்டினார். மோனிஷா வந்தாள். நன்றி சொல்லவில்லை, அழவும் இல்லை. முதலில் ஒவ்வொரு பக்கமாகச் சரிபார்த்தாள். அவளுக்கு என்மேல் நம்பிக்கை இல்லை, அதில் தப்பும் இல்லை.

"வீட்டுக்கே எடுத்துட்டுப் போம்மா. இனிமே இது உன்னோடது. பதிவேட்டுல இதை அடிச்சாச்சு" என்றேன், பெரிய மனசு பண்ணுகிற தோரணையில்.

"அப்டி வேணாம் மிஸ். சீல் போட்டுக் குடுங்க."

"ஏன்? இது இப்ப லைப்ரரி புக்கே இல்லையே."

"இருக்கட்டும் மிஸ். சீட்டு ஒட்டி, சீல் போடுங்க. சீட்டு காலியா இருந்தா திருப்பியும் தூக்கிருவீங்க."

புதிதாக ஒரு சீட்டு ஒட்டினேன். பதினாலு நாள் கழித்து வரும் வெள்ளிக்கிழமைத் தேதியைக் குத்தினேன். இருபத்தாறு வருஷத்தில் எத்தனையோ ஆயிரம் சீல் குத்தியிருப்பேன். நேராக விழுந்ததா என்று குனிந்து பார்த்தது அந்த ஒன்றைத்தான்.

அவர்கள் பெரும்பாக்கம் போனார்கள். மோனிஷா இரண்டு பஸ் மாறிப் பள்ளிக்கு வந்தாள். சனி ஞாயிறு அம்மாவோடு கரைக்குப் போய் எழுதினாள். பதினாலு நாளுக்கு ஒருமுறை, வெள்ளிக்கிழமை மதியம், அந்தக் கனத்தைத் தூக்கிக்கொண்டு வந்து என் மேசைமேல் தொப்பென்று போடுவாள். நான் புதுத் தேதி குத்துவேன். அவள் அதைச் சரிபார்த்துவிட்டுத் தூக்கிக்கொண்டு போவாள். பரீட்சை நாளிலும் வந்தாள். மழைக்குப் பள்ளியே விடுமுறை விட்ட வாரத்தில் மட்டும் வரவில்லை. திங்கட்கிழமை வந்து, "லேட்டு மிஸ்" என்று தானே ஒப்புக்கொண்டாள். மிச்சமிருந்த புத்தகங்களின் சிவப்பு லேபிள்களை நானும் முருகேசனும் ஈரத்துணி வைத்துச் சுரண்டி எடுத்தோம். அதற்கப்புறம் சில புத்தகங்கள் தொலைந்தன. தொலைந்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். உயிர் போய்விடவில்லை.

நான் ஓய்வு பெற்ற நாள் வெள்ளிக்கிழமையாக அமைந்தது. புது நூலகர் சின்னப் பெண், உங்களில் ஒருத்தி. படித்தால் தன்னைத்தான் சொல்கிறேன் என்று தெரிந்துகொள்வாள், கோபித்துக்கொள்ளக் கூடாது. காலையிலிருந்து அவளுக்கு எல்லாவற்றையும் எண்ணி ஒப்படைத்துக்கொண்டிருந்தேன். மதியம் மோனிஷா வந்தாள். இப்போது பன்னிரண்டாம் வகுப்பு. என் பக்கம் வரவில்லை. நேராகப் போய்ப் புது நூலகரின் முன்னால் புத்தகத்தைப் போட்டாள்.

"மிஸ், சீல்."

அந்தப் பெண் எண்ணைத் தேடினாள். எண் இல்லை. பதிவேட்டைப் புரட்டினாள். "மேடம், இது ரிஜிஸ்டர்லயே இல்லையே" என்று என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன். அவள் புத்தகத்தைத் திறந்தாள். முகம் மாறியது. "யாரு இதுல இப்படிக் கிறுக்கினது?"

"இவங்களும் மொதல்ல அப்டித்தான் கேட்டாங்க" என்றாள் மோனிஷா, என்னைக் கட்டைவிரலால் காட்டி.

நான் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் ஓய்வு பெற்றவள் சொன்னாளே என்பதற்காகச் செய்திருப்பாள். அந்தப் பெண் குனிந்து சில பக்கங்களைப் படித்தாள். திருக்கை பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றாள், ஓரக்கண்ணால் என் பிரவுன் அட்டைப் புத்தகத்தைப் பார்த்தாள். பிறகு பின்னட்டைக்குப் போனாள். ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிய சீட்டுகள். பதினாலு நாளுக்கு ஒரு தேதி, வரிசையாக. மேல் சீட்டில் இனி இடம் இல்லை.

மேசை இழுப்பறையைத் திறந்து கோந்து பாட்டிலைத் தேடி எடுத்தாள். புதுச் சீட்டு ஒன்றை ஒட்டி, ஓரத்தை விரலால் அழுத்தி, தேதியைத் திருப்பிவைத்து, சீலைக் குத்தினாள்.

மோனிஷா தேதியைச் சரிபார்த்தாள். "தாங்ஸ் மிஸ்" என்று அவளிடம் சொல்லிவிட்டு, புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சீல் இப்போது என் கையில் இல்லையே.